காட்டு நடுவில் ஒற்றை வேம்பு: அண்ணன் வெட்டச் சொல்கிறார், எனக்கு மனசு வரவில்லை

மேட்டாங்காடு

வணக்கம்ங்க. மூலனூருக்குப் பக்கத்தில் எங்களுக்கு 4 ஏக்கர் மேட்டாங்காடு இருக்கிறது. புரட்டாசி மழை கைகொடுத்தால் சோளம், பிந்தினால் கொள்ளு. சுற்றிலும் கிளுவை வேலி. வேலிக்குள்ளே நட்டநடுவில் ஒரு வேம்பு. அதைத் தவிர வேறு மரமே கிடையாது.

அப்பா போன தையில் தவறிவிட்டார். நானும் அண்ணனும் பாகம் பிரித்துக்கொள்வதென்று பேசி முடித்தாயிற்று. அதில் சண்டை ஒன்றும் இல்லை. ஆளுக்கு 2 ஏக்கர், கிழக்கு அவருக்கு, மேற்கு எனக்கு. ஆனால் பிரிக்கிற கோடு அந்த வேம்பின் மேலேயே போகிறது. "இன்னிக்கு நாம நல்லாத்தான் இருக்கறோம். நாளைக்கு நம்ம பசங்க மரம் யாருதுன்னு அடிச்சுக்குவாங்க. வித்துப் பணத்தை ஆளுக்குப் பாதியா எடுத்துக்கலாம்" என்கிறார் அண்ணன். வியாபாரி ஒருவர் வந்து பார்த்து 14,000 ரூபாய் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ரொட்டவேட்டர் ஓட்டுகிறவரும் மரத்தைச் சுற்றித் திருப்ப ஒவ்வொரு வருஷமும் அலுத்துக்கொள்கிறார். அண்ணன் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை.

எனக்கோ ஒரு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை. நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன். ஊருக்குப் போகும்போது பஸ்ஸை விட்டு இறங்கி, வேலிகளுக்கு நடுவே போகிற இட்டேரியில் திரும்பியதும் முதலில் கண்ணில் படுவது அந்த மரத்தின் தலைதான். அதைப் பார்த்தால்தான் ஊர் வந்துவிட்டது என்று மனசு அடங்கும். வீட்டைப் பார்க்கும்போதுகூட அப்படித் தோன்றியதில்லை.

அப்பா மாட்டு ஏர் ஓட்டிய காலம் நன்றாக நினைவிருக்கிறது. நேராக வருகிற உழவுசால் மரத்துக்குப் பத்தடி முன்னாலேயே வளைய ஆரம்பிக்கும். தாண்டியதும் மறுபடி நேராகிவிடும். மேட்டில் நின்று பார்த்தால் ஓடையில் கிடக்கிற பாறையைச் சுற்றித் தண்ணீர் பிரிந்து சேர்வது மாதிரி இருக்கும். எருதுகளுக்கே அந்த இடம் தெரியும், அப்பா கயிற்றை இழுக்க வேண்டியதில்லை.

உங்கள் காட்டிலும் இப்படி ஒற்றை மரம் இருக்கிறதா? என்ன செய்தீர்கள்? விட்டவர்கள் மட்டுமல்ல, வெட்டியவர்களும் சொல்லுங்கள்.

கரிசல்மண்

எங்கள் விளாத்திகுளம் பக்கம் கண்ணுக்கெட்டின தூரம் பருத்தியும் கம்பும்தான். நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குடை விரித்த மாதிரி உடைமரம். மதியக் கஞ்சிக்கு அந்த நிழலை விட்டால் போக்கிடம் கிடையாது. களையெடுக்க வருகிறவர்கள் தூக்குவாளியை அந்தக் கிளையில் மாட்டிவிட்டுத்தான் காட்டில் இறங்குவார்கள். முள்ளை அரக்கிவிட்டுக் கைப்பிள்ளைக்குத் தொட்டில் கட்டுவதும் அங்கேதான். என்னை அப்படித்தான் வளர்த்ததாக அம்மா சொல்வார். வெட்டாதீர்கள் அண்ணே.

ஈரப்பதம்

மனசு ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்கையும் பார்த்துவிடுவோம். மரத்தின் நிழல்பரப்பு குறுக்கே எத்தனை அடி இருக்கும்? சோளம் எந்தப் பக்கம் குட்டையாக வருகிறது?

மேட்டாங்காடு

டேப் வைத்து அளந்தேன்ங்க. கிளை நுனிக்கு நுனி 45 அடி. குட்டையாக வருவது வடக்குப் பக்கம். தெற்கே அவ்வளவு வித்தியாசம் தெரியாது.

ஈரப்பதம்

வடக்கு என்று நீங்கள் சொல்வீர்கள் என்று நினைத்தேன். புரட்டாசிக்கு மேல் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும், நிழல் வடக்கே விழும். உங்கள் பயிர் நிற்பதெல்லாம் தை வரை அந்த மாதங்களில்தானே.

45 அடி வட்டம் என்றால் சுமார் 1,590 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆக மரத்தடி 3.65 சென்ட். 400 சென்டில் அது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. நிழல் சாய்வது, வேர் ஈரத்தை இழுப்பது எல்லாவற்றையும் சேர்த்து 90 அடி வட்டமாகவே வைத்துக்கொண்டாலும் பதினாலரை சென்ட், நூற்றுக்கு நாலுக்குள். அந்த வட்டத்திலும் விளைச்சல் முழுசாகப் போய்விடாது, குறையும். இதை எதிரே வைத்துத்தான் மரம் தருவதை எடை போட வேண்டும்.

தருவதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்பைக் கரைத்து அடித்தால் அதுதான் வேளாண் துறை சொல்கிற 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல். வளர்ந்த மரம் இருக்கிறவர் அதற்குக் காசு கொடுத்து எங்கும் வாங்க வேண்டியதில்லை.

இன்னொன்று. மரத்தை ஒட்டி ரொட்டவேட்டரை விடாதீர்கள். மேல்வேரை அறுத்துவிடும், அந்தக் காயம் வழியாக அழுகல் ஏறும். நிழல் வட்டத்தை உழாமல் விட்டுவிட்டால் கொழுக்கட்டைப்புல் தானாகக் கிளம்பும். ஆடு மேய இடமாச்சு, ஓட்டுகிறவருக்கும் தொல்லை இல்லை.

செம்மண்பூமி

நான் சொல்லப்போவது கொஞ்சம் கனமான விஷயம். ஆனால் ஒற்றை மரத்தைப் பற்றிப் பேசுகிற இடத்தில் இதைச் சொல்லாமல் போக முடியாது.

எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம். நான் ஒன்பதாவது படிக்கும்போது என் சின்னம்மா கடலை பறிக்கப் போனார். சாயங்காலம் இடியோடு மழை இறங்கவும் ஐந்து பேரும் ஓடிப்போய்க் காட்டு நடுவில் நின்ற வாகைமரத்தடியில் ஒதுங்கினார்கள். இடி விழுந்தது. அடிமரத்தில் சாய்ந்து நின்ற சின்னம்மா அங்கேயே போய்விட்டார். இரண்டு பேருக்குக் காது கேட்கவில்லை, ரொம்ப நாள் கழித்துத்தான் சரியானது. மரத்தில் மேலிருந்து கீழ் வரை ஒரு கை அகலத்துக்குப் பட்டை உரிந்து வெள்ளையாகக் கோடு கிடந்தது. நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். இன்றைக்கும் விரலில் அந்த வழுவழுப்பு இருக்கிறது.

வெட்டவெளியில் உயரமாக நிற்பது எதுவோ அதைத்தான் மின்னல் தேடும். மரத்தில் இறங்குகிற மின்சாரம் பக்கத்தில் நிற்கிற ஆள் மேல் தாவும். தரை வழியாகவும் பரவும். மரத்தடியில் படுத்திருக்கும் ஆடுமாடுகள் கூட்டமாகச் சாவது அதனால்தான். இடிச் சத்தம் கேட்டதுமே வீட்டுக்கோ, பஸ், கார் மாதிரி மூடிய வண்டிக்கோ போய்விடுங்கள். எதுவும் இல்லையென்றால் மரத்தை விட்டு நன்றாகத் தள்ளி வந்து, காலிரண்டையும் சேர்த்துக் குந்தி உட்காருங்கள். தரையில் படுக்காதீர்கள்.

நான் வெட்டச் சொல்லவில்லை. அந்த வாகை பட்டுப்போகாமல் இன்னும் நிற்கிறது. சித்தப்பாதான் வெட்டக் கூடாது என்றார். ஆனால் உங்கள் பிள்ளைகளிடம், வேலைக்கு வருகிறவர்களிடம் இதை ஒரு தடவையாவது சொல்லிவையுங்கள்.

மேட்டாங்காடு

படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லைங்க. இன்றைக்கே அண்ணன் பிள்ளைகளிடமும் என் பையனிடமும் சொல்லிவிட்டேன். நாங்களே எத்தனையோ மழைக்கு அங்கே ஒதுங்கியிருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குப் போனேன். மரத்தடியில் கட்டைவிரல் தடிமனில் சாம்பல் நிறத்தில் உருண்டை உருண்டையாக ஏதோ கிடந்தது. ஒன்றைக் குச்சியால் பிரித்தேன். உள்ளே முடியும் பொடி எலும்புமாக இருந்தது, கூடவே ஒரு எலித் தாடை, பல்லோடு. நிமிர்ந்து பார்த்தால் முறிந்த கிளையின் பொந்தில் இரண்டு புள்ளி ஆந்தைகள் தலையைச் சாய்த்துச் சாய்த்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. நாற்பது வயசில் இன்றைக்குத்தான் அவற்றை முழுசாகப் பார்க்கிறேன்.

இன்னொரு சந்தேகம். நுனிக் கொழுந்தெல்லாம் தீயில் வாட்டின மாதிரி பழுப்பாகக் கருகியிருக்கிறது. "மரமே சாகப் போகுது, இப்பவே வித்தாத்தான் வெலை" என்கிறார் வியாபாரி. நிஜமா?

ஈரப்பதம்

அவசரப்பட வேண்டாம். அது நுனிக்கருகல். ஒரு பூஞ்சையால் வருவது, மழைக்காலத்தில் அதிகமாகத் தெரியும். தேயிலைக் கொசு என்கிற பூச்சி சாறு உறிஞ்சினாலும் கொழுந்து இப்படித்தான் வாடும். பார்க்கப் பயமாக இருந்தாலும் வளர்ந்த மரம் பெரும்பாலும் பங்குனியில் மறுபடி தளிர்த்துவிடும். அடிமரமும் பெரிய கிளைகளும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். நகத்தால் பட்டையைக் கீறினால் உள்ளே பச்சை தெரிய வேண்டும்.

உங்கள் ஆந்தைகளை விட்டுவிடாதீர்கள். எலியைப் பிடிக்க வயலில் பறவைத்தாங்கிக் குச்சி நடுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உங்களிடம் இருப்பது 45 அடி அகலப் பறவைத்தாங்கி. கரிச்சானும் பனங்காடையும் பகலில் அதிலிருந்துதான் புழு பொறுக்கும்.

வாய்க்கால்மேடு

எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள். வெட்டியவன் நான் சொல்கிறேன்.

எங்கள் வயலில் பெரிய புளியமரம் நின்றது. அடியில் புல்கூடச் சரியாக முளைக்காது. ரோட்டோடு போகிற கார்க்காரர்கள் இறங்கி நின்று போட்டோ எடுப்பார்கள், எவ்வளவு அழகு என்பார்கள். அவர்கள் போய்விடுவார்கள். குறைந்த மூட்டைக்குக் கணக்குச் சொல்வது நான்தான். மகள் நர்சிங் சேர்ந்த வருஷம் பணம் முட்டியது. மரத்தை விற்றுத்தான் முதல் வருஷக் கட்டணம் கட்டினேன். வேரைத் தோண்டி எடுத்த அன்று சாப்பாடு இறங்கவில்லை என்பது உண்மை. ஆனால் செய்தது தப்பு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. மகள் இன்றைக்கு வேலையில் இருக்கிறாள்.

அவசியம் இருந்தால் வெட்டுங்கள். அதற்காக யாரும் உங்களைக் குற்றவாளியாக்க விடாதீர்கள். அவசியம் இல்லையென்றால், பதினாலாயிரம் இரண்டு மாதத்தில் கரைந்துவிடும் பணம்.

வடக்குத்தீவு

வாய்க்கால்மேடு ஐயா சொல்வதை நான் கண்ணால் பார்த்தேன். ஜப்பானில் வேலை பார்க்கிறேன். ஹொக்கைடோ தீவில் பியெய் என்று ஓர் ஊர். மேடும் பள்ளமுமாகக் கோதுமை, உருளைக்கிழங்கு, சர்க்கரை எடுக்கிற பீட்ரூட் வயல்கள், நடுநடுவே ஒற்றை மரங்கள். அந்த மரங்களுக்குப் பெயரே உண்டு. 1970களில் ஒரு நெட்டிலிங்கம் மாதிரி உயர்ந்த பாப்ளர் மரம் கார் விளம்பரத்தில் வந்தது, ஓர் ஓக் மரம் சிகரெட் அட்டையில் வந்தது. அதிலிருந்து பார்க்க வருகிற கூட்டம் குறைந்ததே இல்லை.

அங்கே ஒரு பாப்ளருக்குத் "தத்துவ மரம்" என்று பெயர். யோசனையில் இருக்கும் ஆள் மாதிரி ஒருபக்கம் சாய்ந்து நிற்கும். போட்டோ எடுக்கிறவர்கள் பயிரை மிதித்து உள்ளே போனார்கள். செருப்பில் ஒட்டி வரும் மண்ணோடு பயிர்நோய் வந்துவிடும் என்பது அங்கே உழவர்களின் பெரிய பயம். எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. மரமும் வயதாகித் தளர்ந்திருந்தது. 2016 பிப்ரவரியில் நிலத்துக்காரரே அதைச் சாய்த்துவிட்டார். 2025 ஜனவரியில் அதே ஊரில் வரிசையாக நின்ற வெண்பிர்ச் மரங்கள் நாற்பதை வெட்டினார்கள். பயிர் மேல் நிழல் விழுந்ததும் ஒரு காரணம், கூட்டம் ஒரு காரணம்.

நான் போனபோது தத்துவ மரம் இல்லை. நின்ற இடத்தை ஒருவர் கைகாட்டினார். வெறும் உழுத மண். மரத்தைப் பார்த்தே இராத எனக்கு ஏன் தொண்டை அடைத்தது என்று தெரியவில்லை. ஆனால் கோபம் அந்த உழவர் மேல் வரவே இல்லை. அவர்தான் அந்த மரத்தோடு அதிக நாள் இருந்தவர்.

தென்னந்தோப்பு

பேராவூரணி. 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல். எங்கள் தோப்பில் 212 தென்னை இருந்தது, விடிந்து பார்த்தால் 9. மீதியை அறுத்து அப்புறப்படுத்தவே மாதக்கணக்காச்சு. ஓரமாக நின்ற ஒரு ஒதியமரத்துக்குக் கிளை போச்சு, மரம் நின்றது. தோப்புக்குள் இருந்தவரை அதை ஒருத்தரும் மரமாகக்கூட மதித்ததில்லை. இப்போது அந்த இடத்தில் கடலை போடுகிறோம், நடுவில் அது மட்டும் நிற்கிறது. அப்பா தினமும் சாயங்காலம் அதன் கிட்டே போய் உட்கார்ந்துவிட்டு வருவார். ஏன் என்று நாங்கள் கேட்பதில்லை.

வலிவடக்கு

நான் யாழ்ப்பாணம், வலிகாமம் வடக்கு. 1990 ஆனியில ஊரை விட்டு வெளிக்கிட்டனாங்கள். ரெண்டு கிழமையில திரும்பலாம் எண்டு ஐயா கதவைப் பூட்டித் திறப்பை மடியில கட்டிக்கொண்டு வந்தவர். ஆமி பிடிச்சு வைச்சிருந்த எங்கட பக்கத்தை விட்டது 2015 இல. ஐயா அதுக்கு முன்னமே முகாமில போயிட்டார். திறப்பு அம்மாவிட்ட இருந்தது.

உள்ள போய்ப் பார்த்தால் வீடு இல்லை. அத்திவாரம்கூட இல்லை. வேலி இல்லை, எல்லைக்கல் இல்லை, ஒழுங்கை எது எண்டு தெரியேல்லை. ஆளுயரப் பற்றை. வெங்காயம், புகையிலை நட்ட செம்மண் எல்லாம் ஒரே காடு. சனம் எல்லாம் தங்கட காணியைத் தேடி அங்கயும் இங்கயும் நடந்துகொண்டிருந்தது. அம்மா ஒரு இடத்தில நிண்டு கையை நீட்டினவ. எங்கட தோட்டத்து நடுவில ஒரு ஒற்றைப் பனை நிண்டது. கிழக்கால சரிஞ்சு போய்ப் பிறகு நிமிர்ந்த பனை. தலை ஷெல்லில போயிட்டுது. வெறும் மரம், கரிக்கட்டை மாதிரி. ஆனால் அந்த வளைவு அப்பிடியே இருந்தது. "அந்தா எங்கட பனை" எண்டு சொல்லிப்போட்டு அம்மா பற்றைக்குள்ளால நடக்கத் தொடங்கினவ. முள்ளுக் கிழிச்சதுகூடத் தெரியேல்லை. பனையில இருந்து அடி அளந்து கிணத்தைக் கண்டுபிடிச்சம். கிணத்தில இருந்து வீடு இருந்த இடத்தை.

பட்டுப்போன மரம்தான், விழுத்தச் சொல்லி எல்லாரும் சொல்லுகினம். நாங்கள் விழுத்தேல்லை. உங்கட அண்ணர் எல்லையில மரம் நிண்டால் சண்டை வரும் எண்டு பயப்பிடுகிறார். எங்களுக்கு எல்லையைத் திருப்பித் தந்தது மரம்தான் எண்டு அவருக்குச் சொல்லுங்கோ.

கரிசல்மண்

அக்கா, வார்த்தை இல்லை. அம்மா நன்றாக இருக்கிறார்களா?

வலிவடக்கு

இருக்கிறா தம்பி. அதே கிணத்தடியில கொட்டில் போட்டுத்தான் முதல்ல இருந்தனாங்கள். இப்ப வீடு கட்டியாச்சு. திறப்பையும் வைச்சிருக்கிறா.

பத்திரத்தாள்

மேட்டாங்காடு அவர்களுக்கு ஒரு நடைமுறை யோசனை. நான் பத்திரம் எழுதுகிறவன். பாகப்பிரிவினையில் கிணறும் வண்டித்தடமும் பொது என்று எழுதுவது உங்கள் பக்கம் சாதாரணம்தானே? அதேபோல "மேற்படி எல்லையில் நிற்கும் வேப்பமரம் இருவருக்கும் பொது, ஒருவர் சம்மதம் இல்லாமல் மற்றவர் வெட்டவோ விற்கவோ கூடாது, காய், நிழல் இருவரும் அனுபவித்துக்கொள்வது" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அண்ணன் பயப்படுகிற சண்டைக்கு இடமே இராது.

மேட்டாங்காடு

இந்த யோசனை எனக்குத் தோன்றவே இல்லைங்க. ரொம்ப நன்றி. வலிவடக்கு அக்கா எழுதியதை நேற்று ராத்திரி அண்ணனிடம் போனில் படித்துக் காட்டினேன். முடித்தபோது அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அழைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் "சர்வேயர் செவ்வாய்க்கிழமை வர்றாரு, நீ காலையிலயே வந்துரு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். என்ன முடிவில் இருக்கிறார் என்று தெரியவில்லை.

ஈரப்பதம்

வெட்டாமல் விடுவதானால் வடக்குப் பக்கம் தாழ்ந்து வருகிற இரண்டொரு கிளையை மட்டும் கழித்துவிடுங்கள், வெயில் பயிருக்கு இறங்கும். மாசியில் இலை உதிர்த்து நிற்கும்போது செய்யுங்கள். அரிவாள் வேண்டாம், ரம்பம். முதலில் கிளையின் அடிப்பக்கத்தில் கால்வாசி அறுத்துவிட்டு அப்புறம் மேலிருந்து அறுக்க வேண்டும். இல்லையென்றால் கிளை சாயும்போது அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு போய்விடும். ஆந்தைப் பொந்து இருக்கிற கிளையைத் தொட வேண்டாம்.

மேட்டாங்காடு

செவ்வாய்க்கிழமை அளவை முடிந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சர்வேயர் வடக்கு வேலியோரம் ஒரு கல், தெற்கு வேலியோரம் ஒரு கல் நட்டார். கயிறு பிடித்தால் நேராக மரத்துக்கு வந்து முட்டுகிறது. "நடுக்கல் எங்கே நட?" என்று கேட்டார். நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் மரத்தைப் பார்த்துக்கொண்டே, "நடுவுல கல்லு வேண்டாங்க. கல்லுன்னா எவனாச்சும் புடுங்கி நட்டுப்போடுவான். மரம் இருக்கட்டும்" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது. பத்திரத்தில் நீங்கள் சொன்ன வரி ஏறுகிறது. மாசியில் வடக்குக் கிளை இரண்டைக் கழிக்கிறோம்.

சர்வேயர் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் மரத்தைச் சுற்றி வந்தோம். மேற்குப் பக்கம், இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, பட்டை உதடு மாதிரி மடிந்திருந்தது. அண்ணன் விரலை விட்டுப் பார்த்தார். உள்ளே இரும்பு. மண்ணையும் பிசினையும் சுரண்டினால் சங்கிலி. மூன்று கண்ணிதான் வெளியே இருக்கிறது, மீதியை மரம் விழுங்கிவிட்டது. அப்பா உழவு இடைவேளையில் எருதைக் கட்டுகிற சங்கிலி.

"மயிலைக்குக் கட்டுனதுடா இது" என்றார் அண்ணன். செவலைக்கு என்று எனக்கு நினைவு. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டோம். "மயிலை கட்டாமலேயே நிக்கும். செவலைதான் சோளத்துல வாய வெக்கும், அதுக்குத்தான் சங்கிலி" என்றார் அம்மா. சொல்லிவிட்டு, நாளைக்குத் தன்னையும் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். அப்பா போனதிலிருந்து அம்மா காட்டுப் பக்கம் வந்ததே இல்லை. காலையில் வெயில் ஏறுவதற்குள் கிளம்புகிறோம்.